சாப்பாடும் தங்குமிடமும் சம்பளம் ஆகுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கணவரும் வெளிநாட்டில் வேலை பார்க்கிறோம். மகனுக்கு இரண்டு வயது, அடுத்த குழந்தை பிறக்க இன்னும் மூன்று மாதம். வீட்டோடு தங்கி வேலை பார்க்க ஊரிலிருந்து ஓர் அம்மாவை வரவழைக்க நினைக்கிறோம். "சாப்பாடு, தங்க இடம், டிக்கெட் எல்லாம் நீங்கள்தானே? ஊரில் வாங்குவதைப் போல இரண்டு பங்கு கொடுத்தாலே அவருக்குப் பெரிய பணம்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எவ்வளவு கொடுப்பது நியாயம்? அவரிடம் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.வுக்கு,

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். உங்களுக்குச் சம்பளம் போடும்போது கம்பெனி ஊர் விலைவாசியையா பார்த்தது? அந்த அம்மாவுக்கும் அப்படித்தான். வேலை எந்த நாட்டில் நடக்கிறதோ, கணக்கும் அந்த நாட்டுக் கணக்கு. இதே வேலைக்கு அங்கேயே இருக்கும் ஒருவரை வைத்தால் என்ன கேட்பார் என்று முதலில் விசாரியுங்கள். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வீட்டு வேலைக்கும் பொருந்துகிற நாடு என்றால் அதற்குக் கீழே பேச்சே இல்லை. சில நாடுகளில் வீட்டு வேலையைத் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். அங்கேயும் நான் சொல்வது இதே கணக்குதான்.

சாப்பாடும் தங்குமிடமும் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். அவர் உங்கள் வீட்டில் தங்குவது யாருடைய வசதிக்கு? விடியற்காலையில் குழந்தை அழுதால் ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தானே? அப்படியிருக்க, அதையே அவருக்குச் செய்த உபகாரமாக்கிச் சம்பளத்தில் கழிப்பது தப்பு.

சில வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவர் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அங்கே வேலை பார்த்த பெண் குழந்தையின் அறைக்குப் பக்கத்தில், துணி தேய்க்கும் இடத்தில் பாய் போட்டுப் படுப்பார். தலைமாட்டில் குழந்தை மானிட்டர், அதாவது குழந்தையின் அறையில் எழும் சத்தத்தைக் காட்டும் கருவி. தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன், மணி இரண்டேகால். அதில் பச்சை விளக்கு மினுங்கியதுமே, அழுகைச் சத்தம் வருவதற்குள் அவர் எழுந்து முடியை அள்ளிச் செருகிக்கொண்டு நடந்துவிட்டார். காலை ஐந்தரைக்கு அடுப்படியில் நின்றார். "எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேர வேலைகூட இருக்காது" என்றார் உறவினர். நல்ல மனிதர், மனதறிந்து பொய் சொல்கிறவர் இல்லை. பாத்திரம் தேய்த்த நேரத்தை எண்ணினார், காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த நேரத்தை எண்ணவில்லை. அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

இதை எண்ணத்தான் வேண்டும் என்று உலகம் பேசி முடிவெடுத்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் வீட்டுப் பணியாளர்களுக்காக 189ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் நேரமும், நாட்டுச் சட்டம் வரையறுக்கும் அளவுக்கு, வேலை நேரம்தான் என்கிறது அது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு. ஓய்வு நாளில் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. சம்பளம் மாதம் ஒரு முறையாவது. பாஸ்போர்ட் அவர் கையிலேயே. உங்கள் நாடு இதை முறைப்படி ஏற்றிருக்கிறதோ இல்லையோ, நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அதோடு வந்த 201ஆம் எண் பரிந்துரையில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். பணியாளருக்குக் காற்றோட்டமான தனி அறை வேண்டும், அதற்குப் பூட்டு வேண்டும், சாவியை அவரிடம் கொடுக்க வேண்டும். குடும்பத்தோடு சுற்றுலாவுக்கு அழைத்துப் போன நாட்களை அவருடைய லீவில் கழிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. கடற்கரையில் உங்கள் பிள்ளைக்குப் பின்னால் ஓடுவது அவருக்கு எப்படி லீவாகும்?

ஏஜென்ட் மூலம் அழைப்பதானால் கமிஷனை நீங்களே கட்டுங்கள். அதை அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தால், வந்து பல மாதம் அவர் கடனுக்குத்தான் உழைப்பார். பிடிக்காத வீட்டிலிருந்து கிளம்பவும் முடியாது. பாஸ்போர்ட்டையும், "பத்திரமாக இருக்கட்டுமே" என்று நல்லெண்ணத்தில்கூட வாங்கி வைக்காதீர்கள்.

எதை எதிர்பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எழுதிக் கொடுத்ததை எதிர்பார்க்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஒரு முழு வேலை. சமையல், துணி, வீடு துடைப்பது எல்லாம் சேர்ந்தால் அது இன்னொரு வேலை. இரண்டையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு வீடு பளிச்சென்று இல்லையே என்று முகம் சுளிக்காதீர்கள். அப்புறம், "எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி" என்று சொல்லும்போது கொஞ்சம் யோசியுங்கள். வீட்டு மனுஷி என்றால் "இன்று உடம்புக்கு முடியவில்லை" என்று போர்த்திப் படுத்துக்கொள்ள முடியும். அவரால் முடியுமா? அன்பாக இருங்கள், ஆனால் சம்பளத்தை அன்பில் கழிக்காதீர்கள்.

அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே வேலை, நேரம், விடுமுறை, சம்பளம், வேலை ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக யார் டிக்கெட் என்பது வரை எழுதி, போனில் நீங்களே தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அவர் கேள்வி கேட்கட்டும், சம்பளத்தைக் கூட்டியும் கேட்கட்டும். சம்பளம் அவர் பெயரிலுள்ள கணக்குக்கே போகட்டும். இரவில் குழந்தையை அவர் பார்க்க வேண்டும் என்றால் மறுநாள் பகலில் அத்தனை மணி நேரம் அவர் தூங்க வேண்டும், அதையும் எழுதுங்கள். மற்ற இரவுகளில் மானிட்டர் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா