காப்பகம் கட்டவா, வாடகை வீடு பிடிக்கவா?

மதுரை தெப்பக்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றித் தெருவில் படுப்பவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு கொடுக்கிறோம், நன்கொடை கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, காப்பகம் கட்டலாமா? பின்லாந்தில் வீடே கொடுத்துவிடுகிறார்களாமே, அது நமக்கு ஒத்துவருமா?

கட்ட வேண்டாம் தம்பி. தங்குமிடம் நடத்துவது மாநகராட்சியின் பொறுப்பு. 2013-இல் மத்திய அரசு கொண்டுவந்து 2024 வரை நடத்திய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற திட்டம், நகரத்தில் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் 100 பேராவது தங்க நிரந்தர இடம் வேண்டும் என்று விதி வைத்திருந்தது. 2011 கணக்கெடுப்பிலேயே 10 லட்சத்தைத் தாண்டிய மதுரைக்கு அப்படிப் பார்த்தால் 1,000 இடம். இப்போது எத்தனை இருக்கிறது, அதில் பெண்களுக்கு எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

பின்லாந்தில் வீடு இலவசமில்லை. 2008 முதல் அவர்கள் செய்வது, தெருவில் இருந்தவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம் போடுவது; வாடகைக்கு அரசு உதவித்தொகை தருகிறது, வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, குடியை நிறுத்தினால்தான் சாவி என்ற பேச்சே கிடையாது. பழைய ஷெல்டர்களைக்கூடத் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றிவிட்டார்கள். 1980-களின் கடைசியில் 18,000 அளவில் இருந்த வீடற்றோர் 2023-இல் சுமார் 3,400. அரசு உதவித்தொகைகளை வெட்டியதும் 2024-இல் எண்ணிக்கை மறுபடி ஏறியது. ஜப்பானில் 2003-இல் 25,000 பேர், இன்று 3,000-க்கும் கீழே. ஆனால் அங்கே பூங்கா, ஆற்றங்கரை, தெருவில் கண்ணில் படுபவர்களைத்தான் எண்ணுகிறார்கள், இன்டர்நெட் கஃபேயில் இரவைக் கழிப்பவர் கணக்கில் வருவதில்லை. பின்லாந்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பவரையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அதனால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

நமக்கு நெருக்கமான உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. தி பேன்யன் அமைப்பு 2015 முதல், மனநோயிலிருந்து மீண்ட பிறகும் போக இடமில்லாத பெண்களைச் சிறு குழுக்களாகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடிவைக்கிறது.

நீங்களும் ஒரே ஒரு வீடு பிடியுங்கள், மூன்று நான்கு பேருக்கு. ஒப்பந்தத்தில் உங்கள் ஆள் ஒருவரும் கையெழுத்துப் போடட்டும், வீட்டுக்காரரிடம் எதையும் மறைக்காதீர்கள். அட்வான்ஸ் போக இரண்டு வருட வாடகை கையில் இல்லாமல் தொடங்கவே கூடாது, ஆறு மாதத்தில் பணம் தீர்ந்து ஒருவரை மறுபடி பிளாட்பாரத்துக்கு அனுப்புவது சாப்பாடு கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடுமை. வயதானவர் என்றால் வீட்டு முகவரி கிடைத்ததும் ஆதார், அப்புறம் தாலுகா அலுவலகத்தில் 1,200 ரூபாய் முதியோர் பென்ஷனுக்கு மனு. வாடகையில் அவர் பங்கை அதிலிருந்து அவர் கையாலேயே கொடுக்கட்டும்.