ஒரே தூரம், போக எட்டு மணி, வர ஏழு மணி ஏன்?

கேள்வி: லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் 5,540 கி.மீ. விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்றால் 6 மணி 9 நிமிடத்தில் போய்விட வேண்டும். டிக்கெட்டில் போக 8 மணி, வர 7 மணி என்று இருக்கிறதே?

பதில்: நீங்கள் வகுத்தது சரி. தரையில் கழியும் நேரமும் காற்றும்தான் கணக்கில் விடுபட்டவை.

டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனையில் போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்வது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது என்று அரை மணி முதல் ஒரு மணி வரை இதிலேயே போய்விடும்.

மீதி காற்றின் வேலை. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். எதிர்க்காற்று 100 என்றால் தரைக்கணக்கில் 800தான்; 6 மணி 55 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னால் தள்ளினால் வேகம் 1,000. 5 மணி 32 நிமிடம் போதும். போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டையும் கூட்டினால் 12 மணி 27 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 18 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதால் நஷ்டம்தான் மிஞ்சும். 2020 பிப்ரவரியில் புயல்காற்று தள்ளியதில் ஒரு போயிங் 747, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது!

கேள்வி: வரைபடத்தில் ஸ்கேல் வைத்துத் தூரத்தை அளக்கலாமா?

பதில்: வேண்டாம். தட்டை வரைபடம் வடக்கே போகப் போக நிலத்தை இழுத்து நீட்டிக் காட்டும். பூகோள உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள்: லண்டன்–நியூயார்க் பாதை வடக்கே வளைந்து அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து வழியாகப் போகும். அதுதான் குறுக்குவழி.

கணக்காகவே வேண்டுமானால், இரு ஊர் அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். கோசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனாலும் பெருக்கி, முதல் விடையோடு கூட்டுங்கள். ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு, கென்னடி 40.64 வடக்கு, 73.78 மேற்கு. கூட்டுத்தொகை 0.645. இதைக் கோசைனாகக் கொண்ட கோணம் 49.83 டிகிரி. ஒரு டிகிரி 111.2 கி.மீ. என்பதால் சுமார் 5,540 கி.மீ. கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தை அளக்கும் வேறொரு அலகு) இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். முதலில் டிகிரிக்கு மாற்றுங்கள். ஒரு ஊர் கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருந்தால் தீர்க்கரேகைகளைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். விடையைச் சரிபார்க்கும்போது மைலையும் கடல் மைலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: இதே தூரம் 3,442 மைல், ஆனால் 2,991 கடல் மைல்.

கேள்வி: காலை 11 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்கு நியூயார்க் சேர்கிறது என்றால், பயணம் 3 மணி நேரமா?

பதில்: இல்லை, 8 மணி. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 5 மணி பின்தங்கியது. மார்ச்சில் இரண்டு, மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் மட்டும் வித்தியாசம் 4 மணி. இரு நாடுகளும் கோடைக்கால நேரத்தை வெவ்வேறு ஞாயிறுகளில் மாற்றுவதே காரணம். இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் அந்த வாரங்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.