ஆடியில் அறுபதாம் கல்யாணம் பண்ணலாமா?

கேள்வி: 1966 ஆடியில் பிறந்த அப்பாவுக்கு இந்த வருஷம் 60 நிறைகிறது. அண்ணன் மண்டபம், மேடை அலங்காரம், டிரோன் கேமரா என்று கிளம்பிவிட்டான். அப்பா, "வீட்டோட முடிச்சுக்கலாம்" என்கிறார். அத்தை, "ஆடியில யாராவது தாலி கட்டுவாங்களா, ஆவணிக்குத் தள்ளுங்க" என்கிறார். ஆங்கிலத் தேதியா, நட்சத்திரமா என்று வேறு சண்டை. பேசாமல் திருக்கடையூர் போய்விடலாமா?
- ஈரோடு வாசகி

பதில்: அத்தையை முதலில் சமாதானப்படுத்திவிடலாம். முகூர்த்தம் பார்த்து ஆடியைத் தள்ளுவதெல்லாம் புதுக் கல்யாணத்துக்கு. அறுபதாம் கல்யாணம் அப்பா பிறந்த தமிழ் மாதத்தையும் ஜென்ம நட்சத்திரத்தையும் வைத்து வருவது, அதனால் ஆடி, மார்கழி என்று பொதுவாக விலக்குவதில்லை. அந்த 60 கணக்கே பிரபவ முதல் அட்சய வரை சுற்றி வரும் தமிழ் வருஷங்களை வைத்துத்தான். உங்கள் அப்பா பிறந்தது பராபவ வருஷம், 2026 சித்திரையில் தொடங்கியதும் அதே பராபவ. இதில் போய் மாதத்தை மாற்றினால் எப்படி?

நட்சத்திரத்தில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நிலா ஒரு சுற்று வர 27 நாளும் கொஞ்சமும் எடுக்கும், நம் ஆடியோ 31 நாள் ஓடும், எனவே சில சமயம் ஒரே மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு தடவை வந்துவிடும். முதலாவதா, இரண்டாவதா என்பதைச் சடங்கு செய்து வைப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது வேலை நாளில் விழுந்தால் சடங்கை அன்று காலையில் முடித்துவிட்டு, ஊர் உறவுக்கான சாப்பாட்டை ஆங்கிலத் தேதியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள், இரண்டு கட்சியும் வாயை மூடும்.

திருக்கடையூர் தாராளமாகப் போகலாம். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால்தான் 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி, 60 நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, 70க்கு பீமரத சாந்தி, 80க்குச் சதாபிஷேகம் என்று அங்கே கூட்டம் அள்ளுகிறது. ஆனால் பிராகாரத்தில் வரிசையாக ஜோடிகள் உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்து ஜோடியின் மந்திரமும் நாதஸ்வரமும் உங்கள் வீடியோவில் விழும், கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நடக்க வேண்டியிருக்கும். அந்த நெரிசல் சிலருக்குத் திருவிழா மாதிரி பிடிக்கும், சிலருக்குத் தலைவலி.

சரி, உங்கள் கடிதத்தில் அப்பா இருக்கிறார், அண்ணன் இருக்கிறார், அத்தை இருக்கிறார், அம்மாவைக் காணோம்! தாலி ஏறப்போவது அவர் கழுத்தில். இத்தனை வருஷம் அந்த வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அடுப்படியில் நின்றவருக்கு அன்றைக்காவது உட்கார வேண்டும் என்று இருக்கலாம், அல்லது அண்ணன் சொல்லும் மேடையே கூடப் பிடித்திருக்கலாம், யார் கண்டது? என்ன புடவை, யாரையெல்லாம் கூப்பிட வேண்டும், கோயிலா வீடா என்று தனியாக உட்கார்த்திக் கேளுங்கள். "உங்க இஷ்டம்" என்றுதான் முதலில் சொல்வார். விடாதீர்கள், மறுபடி கேளுங்கள்.

வீட்டில்தான் என்று முடிவானால் அலங்காரத்துக்கு ஆடி நல்ல மாதம். கல்யாண முகூர்த்தம் இல்லாததால் பூ விலை பெரும்பாலும் இறங்கியிருக்கும், ஆடி வெள்ளிக்கும் ஆடிப்பெருக்குக்கும் முந்தின நாள் மட்டும் சந்தைப் பக்கம் போகாதீர்கள். வாசலில் வாழைமரம், மாவிலை, குருத்தோலைத் தோரணம். கூடத்தில் முந்தின ராத்திரியே மாக்கோலம் போட்டுவிடுங்கள்: பச்சரிசியை ஊறவைத்து மையாக அரைத்து, சின்னத் துணியை அதில் நனைத்துப் பிழியப் பிழிய மோதிர விரல் வழியாக மாவு இழையாக இறங்கும், போடும்போது ஒன்றும் தெரியாது, காயக் காய வெள்ளை ஏறும். ஓரத்தில் காவி பூசுங்கள். அதன்மேல் மனை போட்டு இருவரையும் உட்காரவைத்தால் அண்ணனின் டிரோனுக்கு வேலையே இருக்காது.

கேள்வி: என் கணவருக்குக் கல்யாண நாளும் ஞாபகம் இருக்காது, என் பிறந்தநாளும் ஞாபகம் இருக்காது. நானாகச் சொன்னால் அதில் என்ன சந்தோஷம்?
- நெல்லை வாசகி

பதில்: சொல்லாமல் மனசுக்குள் பரீட்சை வைத்து, அவர் ஃபெயில் ஆனதும் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில் மட்டும் என்ன சந்தோஷம்? அவர் வளர்ந்த வீட்டில் பிறந்தநாள் என்றால் பிள்ளைகளுக்கு ஒரு பாயசம், அதோடு சரி என்று இருந்திருக்கலாம். ஒரு வாரம் முன்னாலேயே, "வியாழக்கிழமை நம்ம கல்யாண நாள், சாயங்காலம் சீக்கிரம் வாங்க, வெளியே போறோம்" என்று சொல்லுங்கள். காலண்டரிலும் பெரிதாக வட்டம் போடுங்கள். சொன்ன பிறகும் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது நான் வேறு மாதிரி பதில் சொல்கிறேன்.

கேள்வி: பையனுக்கு முதல் பிறந்தநாள். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். பலூன் அலங்காரம் எப்படிச் செய்வது?
- ஆவடி வாசகர்

பதில்: இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி, அதில் அம்மாவின் பழைய பட்டுப்புடவையைத் தொங்கவிட்டு, பலூன்களைக் கயிற்றிலேயே கோர்த்துவிடுங்கள், சுவரைத் தொடவே வேண்டாம். செல்லோ டேப் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்டோடு வரும், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். மேலே பறக்கும் கேஸ் பலூன் மட்டும் வாங்காதீர்கள். தெருவில் விற்பவற்றில் பலவும் எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் அடைத்தவை, கேக்கில் மெழுகுவர்த்தி எரியும்போது பக்கத்தில் அது இருக்கவே கூடாது. நுரை அடிக்கிற ஸ்நோ ஸ்பிரேயும் அப்படித்தான், உள்ளே இருக்கும் வாயு பக்கென்று பற்றிக்கொள்ளும். அதை எந்த மாமா வாங்கிக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுங்கள்.