அந்த 1 கிலோ எதற்கு?

கே: அரிசிக் கடையில் 25 கிலோ மூட்டை கேட்டால் 26 கிலோதான் இருக்கிறது என்கிறார்கள். அந்த ஒரு கிலோவை எங்கள் தலையில் கட்டுகிறார்களா? - வாசகி, விருதுநகர்

ப: இல்லை, அதனால் உங்களுக்கு வரி மிச்சம். 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சடித்து அடைத்து விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. 25ஐத் தாண்டினால் கிடையாது. ஆலைக்காரர்கள் கணக்குப் போட்டு 26 கிலோ பையைத் தைத்துவிட்டார்கள். மூட்டை விலையை 26ஆல் வகுத்து, கிலோ என்ன விலை என்று பாருங்கள். உங்கள் எதிரிலேயே நிறுத்துக் கொடுக்கும் சில்லறை அரிசிக்கும் வரி இல்லை. 5 கிலோ பாக்கெட் வாங்குகிறவர்தான் வரி கட்டுகிறார். மொத்தமாக வாங்கக் கையில் காசில்லாதவர்தான் 5 கிலோ வாங்குவார் என்பது வரி போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன?

கே: தங்கத்துக்கு ஜிஎஸ்டி குறையும் என்கிறார்களே, மகள் கல்யாண நகையைத் தள்ளிப் போடலாமா? - சேலம்

ப: 2017 முதல் அதே 3 சதவீதம். வரி இறங்கக் காத்திருந்தவர்கள் பவுன் விலை ஏறியதைத்தான் பார்த்தார்கள்.

கே: சென்னையில் இருக்கிறேன். புதுச்சேரிக்குப் போய் பிரிட்ஜ் வாங்கினால் வரி குறைவு என்று மச்சான் சொல்கிறார். உண்மையா?

ப: உங்கள் மச்சான் 2017க்கு முன்னால் தூங்கப் போனவர் போலிருக்கிறது. ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த வாட் என்ற விற்பனை வரிக் காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விகிதம் வைத்திருந்தது. 2011 ஜூலையில் தமிழ்நாட்டில் 12.5 சதவீதத்தை 14.5 ஆகவும், 4ஐ 5 ஆகவும் ஏற்றினார்கள். அந்த ஆத்திரத்தில் நானும் புதுச்சேரிக்குக் கிளம்பினேன். மிச்சம் பிடித்ததைக் குட்டியானை வாடகை தின்றது. திண்டிவனம் தாண்டி ஒரு வேகத்தடையில் பிரிட்ஜ் கதவின் மூலை நசுங்கியது. பால் கணக்குச் சீட்டைக் காந்தத்தால் ஒட்டி அதை மறைத்து வைத்திருந்தோம். 2017 ஜூலை 1 முதல் இரண்டு ஊரிலும் ஒரே ஜிஎஸ்டி, பிரிட்ஜுக்கு இப்போது 18 சதவீதம். பெட்ரோல், டீசல், மது மூன்றும் இன்னும் மாநில வரியில் இருக்கின்றன. அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை என்பது அவற்றுக்குத்தான்.

கே: டைல்ஸ் கடையில் துண்டுச் சீட்டில் 12,000 ரூபாய்க்கு 'ஜிஎஸ்டி 18%' என்று எழுதி 2,160 கூடுதலாக வாங்கினார்கள். சீட்டில் ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லை. - திருநெல்வேலி

ப: இது என் பழைய வயிற்றெரிச்சல், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எண் இல்லாமல் வாங்கியது அரசாங்கத்துக்குப் போகும் என்று நம்பாதீர்கள். பொருள் விற்கும் சிறு கடைக்கு, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவே தேவையில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது.

அடுத்த வகை காம்போசிஷன் கடை. ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ள வியாபாரி, விற்பனையில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, மாதாமாதம் கணக்குக் காட்டும் தலைவலியிலிருந்து தப்பலாம். நல்ல சலுகைதான், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பதிலுக்கு அவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. அதைப் பில்லின் தலையிலேயே அச்சடிக்க வேண்டும், கடைப் பலகையிலும் போட வேண்டும். நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்தப் பலகையை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஹார்டுவேர் கடையில் அதன் மேலேயே சாமி படத்தை மாட்டியிருந்தார்கள். ஊதுபத்திப் புகைக்கு நடுவே 'காம்போ' மட்டும் தெரிந்தது. சலுகை வாங்கும்போது சின்ன வியாபாரி, பில் போடும்போது பெரிய கம்பெனி!

ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இடம். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும், புதுச்சேரி என்றால் 34. அடுத்த பத்தும் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த 15 இடத்தையும் தட்டினால் பதிவு உயிரோடு இருக்கிறதா, காம்போசிஷனா என்று காட்டிவிடும். டைல்ஸ் கடைக்காரரிடம் எண்ணுடன் பில் கேளுங்கள், இல்லையென்றால் 2,160ஐத் திருப்பிக் கேளுங்கள். துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். '18%' என்று எழுதியிருப்பது அவருடைய கையெழுத்து அல்லவா?

கே: பில் இல்லாமல் வாங்கினால் 5,000 குறைவு என்றார்கள். ஏ.சி. இரண்டாம் மாதமே நின்றுவிட்டது. கடைக்காரர் என்னைத் தெரியாது என்கிறார். வழக்குப் போடலாமா? - கோவை

ப: எதை வைத்து? 600 ரூபாய் மிச்சம் என்று நானும் ஒரு முறை பில் இல்லாமல் கிரைண்டர் வாங்கினேன். மோட்டார் புகைந்ததும் கடைக்குத் தூக்கிப் போனால், "நம்ம கடையிலதான் வாங்கினீங்களா சார்?" என்று சிரிக்காமல் கேட்டார். கிரைண்டர் கல் இப்போது துளசி மாடத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. பணத்தை போன் வழியாக அனுப்பியிருந்தால் அந்த விவரம் ஓரளவுக்குச் சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கே: பி.பி., சர்க்கரை மாத்திரைக்கு மாதம் 1,120 ரூபாய் ஆகிறது. வரி குறைந்ததே என்று கேட்டால், "பழைய ஸ்டாக், அட்டையில போட்ட விலைதான்" என்று இரண்டு மாதமாகத் திருப்பி அனுப்புகிறார்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. - ஓய்வூதியர், தஞ்சாவூர்

ப: ஐயா, நீங்கள் கேட்டதுதான் சரி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்த மருந்துகள் 5க்கு வந்துவிட்டன. அட்டையில் பழைய விலை இருந்தாலும் கம்பெனியின் புதிய விலைப்பட்டியல்படிதான் விற்க வேண்டும். உங்கள் மாத்திரைகள் 12இல் இருந்தவை என்றால், 1,120இல் வரி போக 1,000. அதோடு 5 சதவீதம் சேர்த்தால் 1,050. மாதம் 70 ரூபாய் உங்களுடையது. சண்டை வேண்டாம், அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915க்குப் பேசுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கே: பரோட்டாவுக்கு வரியை எடுத்துவிட்டார்கள் என்றார்களே, ஓட்டலில் 5 சதவீதம் போட்டிருக்கிறார்கள்? - மதுரை

ப: வரி போனது பாக்கெட்டில் விற்கும் பரோட்டாவுக்கு. இலையில் போட்டுச் சால்னா ஊற்றினால் ஓட்டல் கணக்கு, 5 சதவீதம் உண்டு. சால்னாவுக்குத் தனியாகக் காசு கேட்டால் எழுதுங்கள்.