கோடையில் தனியாக ரோம்: வாசகர் கேள்வி–பதில்

கோடை விடுமுறையில் குறைந்த செலவில் ரோம் நகருக்குத் தனியாகச் சென்றுவருவது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுபோலிருந்த கேள்விகளைச் சேர்த்துப் பயண வரிசைப்படி பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு ஆகஸ்டில்தான் விடுமுறை கிடைக்கும். அந்த மாதத்தில் ரோம் பக்கமே போகாதே, வெயில் வாட்டி எடுத்துவிடும், பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் என்று போய்வந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். கையிருப்பும் குறைவு, துணைக்கும் யாரும் இல்லை. துணிந்து புறப்படலாமா?

பதில்: தாராளமாகப் புறப்படலாம். அவர்கள் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் இரண்டுமே பயணத்தைக் கைவிடும் அளவுக்குப் பெரிய காரணங்கள் அல்ல. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அனல் கூடிய நாட்களில் 35-க்கு மேலும் போகும். ஆகஸ்ட் 15 அன்று வரும் ஃபெர்ரகோஸ்தோ என்னும் விடுமுறை, பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18-இல் தொடங்கிவைத்த ஓய்வுத் திருநாளின் தொடர்ச்சி. அதையொட்டிய ஒன்றிரண்டு வாரங்களுக்குக் குடும்பமாக நடத்தும் உணவகங்கள் பலவும் கதவை அடைத்துவிடும், வத்திக்கான் அருங்காட்சியகங்களுக்கும் ஆகஸ்ட் 15 அன்று விடுமுறை. இன்னொரு பக்கம், உள்ளூர்க்காரர்களே ஊரைக் காலி செய்யும் மாதம் என்பதாலும், அலுவல் நிமித்தம் வருவோர் குறைவதாலும், மே, ஜூன் மாதங்களைவிட ஆகஸ்டில் அறை வாடகை பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

ரோமில் சிக்கனப் பயணியின் காசு கரைவது பெரும்பாலும் நண்பகலில்தான். காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டு, வரிசைகளில் நின்று களைத்து, ஒரு மணிக்குக் கால் கடுக்க ஏதோ ஒரு புகழ்பெற்ற சதுக்கத்தின் முதல் நாற்காலியில் சாய்ந்துவிடுபவர், குளிர்ந்த தண்ணீருக்கும் சுமாரான பாஸ்தாவுக்கும் திரும்பிப்போக ஒரு டாக்சிக்குமாகச் செலவழிப்பது, ஒரு நாள் முழுவதும் சாப்பிடப் போதுமான தொகை. ஆகவே விலைப்பட்டியலைத் திட்டமிடுவதற்கு முன் கடிகாரத்தைத் திட்டமிடுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் காலை ஆறு மணிக்கே விடிந்துவிடும். அந்த நேரத்தில் திரெவி நீரூற்றின் முன் நிற்பவர்களை எண்ணிவிடலாம், பத்து மணிக்கு அங்கே தண்ணீரே கண்ணில் படாது. பேரரசர் தொமிஷியன் கட்டிய விளையாட்டரங்கின் நீள்வடிவத்தை இன்றும் அப்படியே காட்டும் நவோனா சதுக்கமும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். பதினொரு மணியோடு வெளிநடையை நிறுத்திவிட்டு, மாலை ஐந்துவரை தடித்த சுவர்களுக்குள் இருங்கள், அல்லது அறையில் படுத்துத் தூங்குங்கள். பொழுது சாய எட்டரை ஆகிவிடும் என்பதால் மாலை நடைக்கு நேரம் தாராளமாக மிஞ்சும். கேபிட்டலைன் குன்றில் நகராட்சி மாளிகையின் பக்கவாட்டிலுள்ள மேடையிலிருந்து, விளக்கொளியில் பழைய ரோமானியப் பேரவைத் திடலின் தூண்களை மேலிருந்து பார்க்கலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

கேள்வி: தனியாகப் போகும் பெண்ணுக்கு விசா தர யோசிப்பார்களா? எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: தனியாகப் போவது விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதற்கான காரணம் அன்று, பயணம் முடிந்து திரும்பிவிடுவீர்கள் என்பதைத் தாள்கள் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகியகால ஷெங்கன் விசா தேவை. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடைக்கான நேர்காணல் தேதிகள் வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதால், ரத்து செய்யக்கூடிய அறை முன்பதிவோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். விசா கைக்கு வராமல், பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து நகருக்குள் மலிவாக எப்படிப் போவது? ஊருக்குள் போக்குவரத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: ஃபியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து தெர்மினி ரயில் நிலையத்துக்கு நேராக ஓடும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் கொண்டுபோய்விடும்; கட்டணம் 14 யூரோ. அதே நடைமேடைகளிலிருந்து புறப்படும் சாதாரண வட்டார ரயிலுக்கு 8 யூரோதான், ஆனால் அது தெர்மினிக்குப் போகாது. திராஸ்தேவெரே, ஓஸ்தியென்சே, திபுர்தீனா நிலையங்கள் வழியாகச் செல்லும். உங்கள் அறை அந்தப் பக்கம் என்றால் அதுவே நல்லது. பேருந்து இவற்றைவிட மலிவு, நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகலாம். வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். மறந்தால், சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும்.

நகருக்குள் 1.50 யூரோ சீட்டில் 100 நிமிடங்களுக்குப் பேருந்திலும் டிராமிலும் எத்தனை முறையும், மெட்ரோவில் ஒரு முறையும் பயணம் செய்யலாம். வங்கி அட்டையையே மெட்ரோ வாயிலில் தொட்டுச் செல்லும் வசதியும் உண்டு. உண்மையில் பழைய நகரத்தின் பெரும்பகுதியை நடந்தே பார்த்துவிடலாம் என்பதால் ஒரு நாளுக்கு மூன்று யூரோவுக்கு மேல் ஆகாது. தெருக்கள் கருங்கல் பாவியவை; சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதைவிட முதுகுப் பை வசதி.

கேள்வி: பொது அறையில் முன்பின் தெரியாதவர்களோடு தங்கத் தயக்கமாக இருக்கிறது. தனி அறை எடுக்கும் வசதியும் இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: பல ஹாஸ்டல்களில் பெண்களுக்கென்றே தனிப் பொது அறைகள் இருக்கின்றன. அதுவும் ஒத்துவராது என்றால், கன்னியர் மடங்களும் துறவியர் இல்லங்களும் நடத்தும் விருந்தினர் விடுதிகளைப் பாருங்கள். எந்த மதத்தவரும் தங்கலாம். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஒரு சிலுவை என்று அறை எளிமையாக இருக்கும்; சுத்தத்தில் குறை இருக்காது. பல மடங்களில் இரவு பதினொரு மணியளவில் வாயிலைச் சாத்திவிடுவார்கள் என்பதுதான் நிபந்தனை. தனியாகச் செல்லும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ரோமில் குறைவு என்பது எங்கள் கருத்து. எங்கே தங்கினாலும் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, அறையில் ஏ.சி. உண்டா என்பது, கோடையில் இதில் சிக்கனம் பார்த்தால் தூக்கம் போய்விடும். இன்னொன்று, நகராட்சியின் தங்கல் வரி. இது தலைக்கு, இரவுக்கு என்று தனியாக வசூலிக்கப்படும். ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கு 10 யூரோ, ஹாஸ்டலுக்கு 3.50 யூரோ. முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

கேள்வி: எதற்கெல்லாம் கட்டணம் கொடுத்துப் பார்க்க வேண்டும்? எதையெல்லாம் விட்டுவிடலாம்?

பதில்: கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகங்கள், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் ஆகிய மூன்றுக்கும் கொடுங்கள், மற்றவற்றை அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம். கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியத்தின் 18 யூரோ சீட்டில் பேரவைத் திடலும் பாலடைன் குன்றும் அடங்கும். அதிகாரபூர்வ இணையதளத்தில் சீட்டுகள் 30 நாட்களுக்கு முன் வெளியாகும். பெயர் அச்சிட்டே தருவார்கள் என்பதால் நுழையும்போது கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். வத்திக்கானுக்கு 20 யூரோ, இணைய முன்பதிவுக்கு மேலும் 5 யூரோ. ஆகஸ்டு வெயிலில் மதிலோரம் நிற்காமலிருக்க அந்த ஐந்து யூரோ தகும். பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் 5 யூரோ வாங்குகிறார்கள். 43.3 மீட்டர் விட்டமுள்ள அதன் குவிமாடம், தரையிலிருந்தும் அதே உயரத்தில் நிற்கிறது. உச்சியிலுள்ள வட்டத் திறப்புக்கு மூடி கிடையாது. மழை நேரே உள்ளே விழுந்து, பளிங்குத் தரையில் துளைத்த சிறு துவாரங்கள் வழியாக வடிந்துவிடும். வெயில் நாளில் அந்தத் திறப்பின் ஒளிவட்டம் சுவரில் மெல்ல நகர்வதைப் பார்க்க, ஒரு மணி நேரம்கூட உட்காரலாம்.

ஆனால் ரோமின் பெரும் செல்வம் கட்டணமில்லாத தேவாலயங்களில்தான் இருக்கிறது. பாந்தியனிலிருந்து சில நிமிட நடையில் சான் லுய்ஜி தேவாலயம். அதன் இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் வரி வசூலிப்பவராக இருந்து இயேசுவின் சீடரான மத்தேயுவைப் பற்றி ஓவியர் கரவாஜியோ 1599 முதல் 1602 வரை வரைந்த ஓவியங்கள் மூன்று இருக்கின்றன. சிற்றாலயம் இருட்டாகவே இருக்கும். பக்கத்திலுள்ள பெட்டியில் யாராவது ஒரு நாணயம் போட்டால் விளக்கு எரியும். வரி வசூலிக்கும் மேசையில் காசு எண்ணிக்கொண்டிருப்பவர்களின் முகங்கள் சட்டென்று துலங்கும். சற்று நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். கூட்டத்தில் எல்லோரும் அடுத்தவர் காசு போடட்டும் என்று காத்திருப்பதும் உண்டு. அந்த ஒரு நாணயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அருகிலேயே சந்த் அகொஸ்தீனோ தேவாலயத்தில் கரவாஜியோவின் இன்னொரு ஓவியம்: மரியன்னையின் முன் மண்டியிட்ட இரண்டு ஏழை யாத்திரிகர்களின் அழுக்குப் படிந்த பாதங்கள் பார்ப்பவரை நோக்கி நீண்டிருக்கும். சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலையும் இலவசம்தான். சிறிய தேவாலயங்கள் நண்பகலில் சில மணி நேரம் மூடப்படும். எனவே காலையிலோ மாலையிலோ அவற்றைப் பார்த்துவிட்டு, உச்சி வெயிலுக்குச் சாந்தா மரியா மஜ்ஜோரே போன்ற பெரிய பசிலிக்காக்களை வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுக்கூடத்தின் மேற்சுவரில் ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் படங்கள் இருக்கின்றன. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்; பையில் ஒரு மெல்லிய துப்பட்டா இருந்தால் போதும்.

கேள்வி: மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாம் இலவசமாமே! அன்றைக்கே கொலோசியத்தைப் பார்த்துவிடலாம் அல்லவா?

பதில்: அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் அன்று இலவசம் என்பது சரிதான். வத்திக்கானுக்குக் கடைசி ஞாயிறு. பகல் பன்னிரண்டரைக்குள் நுழைந்துவிட வேண்டும். ஆனால் ஊரே திரளும் நாளில் கொலோசியத்தின் நிழலற்ற வரிசையில் அரை நாளைத் தொலைப்பது 18 யூரோவைவிட விலை அதிகம். அந்த ஞாயிற்றைக் கூட்டம் குறைந்த கராகல்லா குளியல் மண்டபங்களுக்குப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அருங்காட்சியக நுழைவையும் நகரப் போக்குவரத்தையும் சேர்த்துத் தரும் ரோமா பாஸ் அட்டையை வாங்கலாமா?

பதில்: மேலே சொன்னபடி சுற்றுபவருக்குத் தேவையில்லை. வத்திக்கான் அதில் அடங்காது. கொலோசியத்துக்கு அதை வைத்திருந்தாலும் நேரம் முன்பதிவு செய்தாக வேண்டும்.

கேள்வி: நான் சைவம். ரோமில் பட்டினி கிடக்காமல், செலவும் ஏறாமல் சமாளிப்பது எப்படி?

பதில்: பட்டினிக்கு வாய்ப்பே இல்லை. தெருவுக்குத் தெரு, நீளத் தட்டுகளில் சுட்ட பீட்சாவை எடைபோட்டு விற்கும் கடைகள் இருக்கின்றன. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால், அந்த அளவுக்குக் கத்தரித்து, எடைபோட்டு, சூடுபடுத்தித் தாளில் சுற்றித் தருவார்கள். விலை கிலோவுக்கோ 100 கிராமுக்கோ எழுதியிருக்கும். எதற்கு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு, சீமைச்சுரைக்காய் வகைகள் சைவருக்கு ஏற்றவை. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வேறிடத்தில்: பார்வைக்குச் சைவமாகத் தோன்றும் பூசணிப்பூ வறுவலுக்குள் நெத்திலி வகை மீன் வைத்திருப்பார்கள், சுப்ளி என்ற சோற்று உருண்டையின் பழைய செய்முறையில் இறைச்சிக் குழம்பு சேரும். பெக்கொரீனோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி என்பதால், அந்த அளவுக்குக் கண்டிப்பானவர்கள் பாலாடைக்கட்டியே இல்லாத மரினாரா பீட்சாவைக் கேட்கலாம்.

காப்பியை உள்ளூர்க்காரர்களைப் போல் நின்றபடியே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் அதே காப்பிக்கு இருமடங்குக்கு மேலும் ஆகலாம். குடிதண்ணீருக்கு ஒரு காசும் வேண்டாம். 1874 முதல் நிறுவப்பட்டுவரும் நாசோனி எனப்படும் இரும்புக் குழாய்த் தூண்கள் நகரெங்கும் சுமார் 2,500 இருக்கின்றன. இரவும் பகலும் குளிர்ந்த நல்ல நீர் ஓடிக்கொண்டே இருக்கும். வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், அதன் மேல்புறத்திலுள்ள சிறு துளை வழியாக நீர் வில்லாக எழும்பும், குனியாமல் குடிக்கலாம்.

கேள்வி: ஜேப்படித் திருடர்கள் பற்றி நிறையக் கேள்விப்படுகிறேன். தனியாக இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உடலுக்கு ஆபத்து குறைவு, பைக்குத்தான் ஆபத்து. தெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்தும், மெட்ரோவில் கதவு மூடும் நொடியும் அவர்களுக்குத் தோதானவை. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், கைபேசியைக் கால்சட்டையின் பின்பையில் வைக்காதீர்கள், கடவுச்சீட்டின் நகலை வேறிடத்தில் வையுங்கள். கையில் கயிறு கட்டிவிடுபவரிடமும், படமெடுக்க அழைக்கும் கிளாடியேட்டர் வேடக்காரரிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள். ஸ்பானியப் படிக்கட்டில் உட்காருவதும் நீரூற்றுக்குள் காலை நனைப்பதும் அபராதத்துக்குரியவை. அவசர உதவிக்கு எண் 112. பெண்கள் துன்புறுத்தலுக்கு ஆளானால் 1522.

கேள்வி: அங்கே அடிக்கடி வேலைநிறுத்தம் நடக்குமாமே? திரும்பும் நாளில் அப்படி அமைந்துவிட்டால்?

பதில்: நடக்கும்; வெள்ளிக்கிழமைகளில் அதிகம். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள் என்பதால், இரண்டு நாள் முன்பே விடுதியில் விசாரியுங்கள். ரோமின் நகரப் பேருந்தும் மெட்ரோவும் வேலைநிறுத்த நாளிலும் காலை எட்டரை வரையிலும் மாலை ஐந்து முதல் எட்டு வரையிலும் ஓடியாக வேண்டும். உங்கள் விமானம் பிற்பகலில் என்றாலும் காலை எட்டரைக்குள் ரயில் நிலையம் சேர்ந்துவிடுங்கள். அல்லது கடைசி இரவுக்கு மட்டும் தெர்மினிக்கோ ஓஸ்தியென்சேவுக்கோ நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள்.