முதியோர் பராமரிப்பு இல்லத்தின் தரத்தை எப்படி அறிவது? – கேள்வி பதில்

பெற்றோரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருப்பவர்களும் சேர்க்க எண்ணுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, முதியோர் பிரிவில் நெடுங்காலம் செவிலியாகப் பணியாற்றியவள் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் சுருக்கித் தந்துள்ளேன்.

கேள்வி: அம்மாவுக்காக மூன்று இல்லங்களைப் பார்த்து வந்தோம். மூன்றும் தூய்மையாக இருந்தன; மூன்றிலும் கனிவாகப் பேசினார்கள். எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது?

வரவேற்பறையும் தோட்டமும் வந்து பார்ப்பவர்களுக்காக அமைக்கப்பட்டவை. அவற்றை வைத்து, படுக்கையில் கிடப்பவருக்கு நள்ளிரவில் யார் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்பதை அறிய முடியாது. மருத்துவச் சேவையின் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டொனபெடியன் 1966இல் அதை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கட்டடமும் கருவிகளும் ஆட்களும் அமைப்பைச் சேர்ந்தவை. அன்றாடம் செய்யப்படும் பணி செயல்முறை. அதனால் அங்கே வாழ்பவரின் உடலும் மனமும் எப்படி இருக்கின்றன என்பது விளைவு. குடும்பத்தினர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: அந்த இல்லத்தில் மிகவும் இயலாத நிலையில் இருப்பவர் யார் என்று தேடி, அவரைப் பாருங்கள். நடக்கவும் பேசவும் முடிந்தவர் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்; கேட்க இயலாதவருக்குக் கிடைப்பதே அந்த இல்லத்தின் உண்மையான தரம். அவருடைய உதடுகள் வறண்டு வெடித்திருக்கின்றனவா, நகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா, மூக்குக்கண்ணாடி துடைத்து அணிவிக்கப்பட்டிருக்கிறதா, காதுக் கருவி காதில் இருக்கிறதா அல்லது இழுப்பறைக்குள் கிடக்கிறதா, தண்ணீரும் அழைப்பு மணியும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பவற்றை ஐந்து நிமிடம் அருகில் நின்றாலே கண்டுவிடலாம். ஏதோ ஓர் அறையில் சிறிது நேரம் சிறுநீர் வாடை வீசுவது இயல்பு. நடைவழி முழுவதும் அந்த வாடை நீங்காமல் இருந்தாலோ, அதை மறைக்கும் அளவுக்கு நறுமணம் தெளிக்கப்பட்டிருந்தாலோ, உடையும் விரிப்பும் உரிய நேரத்தில் மாற்றப்படுவதில்லை என்று ஐயுறலாம்.

கேள்வி: எத்தனை ஊழியர்கள் இருந்தால் போதுமானது?

எல்லா இல்லங்களுக்கும் பொருந்தும் ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. அங்கே இருப்பவர்களின் இயலாமையைப் பொறுத்தே அது அமையும். ஆகவே, மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்காமல், "நேற்று இரவு 2 மணிக்கு இந்தத் தளத்தில் எத்தனை பேர் விழித்திருந்து பணி செய்தார்கள், அவர்களுள் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

கிடைக்கும் பதிலை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தளத்தில் தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் 20 பேர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவரைத் திருப்பிப் படுக்கவைத்து, ஈரமாகியிருந்தால் டயப்பரை மாற்றி, துடைத்துவிட இரண்டு பேர் சேர்ந்து 10 நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒரு சுற்று முடிய 200 நிமிடங்கள் ஆகும். அந்தத் தளத்தில் இரவில் இரண்டு உதவியாளர்கள் மட்டுமே இருந்தால், "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுகிறோம்" என்ற வாக்குறுதியை அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் காப்பாற்ற முடியாது. ஊழியரின் கொடுமையைவிட, ஊழியர் பற்றாக்குறையால் நேரும் துன்பங்களையே நான் என் பணிக்காலத்தில் மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

எதிர்ப்படும் உதவியாளர்களிடம், இங்கே எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். எல்லோரும் புதியவர்களாகவே இருந்தால், அம்மா எந்தப் பக்கமாகச் சாய்ந்து சாப்பிடுவார், எதைக் கண்டால் அஞ்சுவார் என்பதை நினைவில் வைத்திருக்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்.

கேள்வி: அப்பாவுக்கு முதுகின் அடிப்பகுதியில் படுக்கைப் புண் வந்துவிட்டது. வயதானால் வரத்தான் செய்யும் என்கிறார்கள். இது உண்மையா?

இறுதி நாட்களில் இருப்பவர்களிடம், எவ்வளவு கவனித்தும் சில புண்கள் வந்துவிடுவதுண்டு. ஆனால் பெரும்பாலான படுக்கைப் புண்கள் தடுக்கக்கூடியவையே. வயதை மட்டும் காரணமாகச் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எலும்பு துருத்திய இடத்துக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நெடுநேரம் அழுந்தும்போது அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திசு அழியத் தொடங்குகிறது. ஈரமும் உராய்வும் ஊட்டக்குறைவும் அதை விரைவுபடுத்துகின்றன. முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகியவையே முதலில் பாதிக்கப்படும் இடங்கள்.

புண்ணின் ஆழத்தை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். தோல் கிழியாமல், அழுத்திப் பார்த்தாலும் மறையாத சிவப்பு தோன்றுவது முதல் நிலை. தசையும் எலும்பும் தெரியும் அளவுக்குக் குழி விழுவது நான்காம் நிலை. கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத இடத்தில் புண் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைக்கு வந்த பிறகே கண்டுபிடிக்கப்படும்.

இல்லத்திடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. அப்பாவைச் சேர்த்த அன்று புண் வருவதற்கான அபாயத்தை மதிப்பிட்டார்களா? இதற்கு பிரேடன் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. உணர்திறன், ஈரம், நடமாட்டம், அசைவு, ஊட்டம், உராய்வு ஆகிய ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தருவார்கள், எண் குறையக் குறைய அபாயம் கூடும். புண்ணை முதலில் யார், எந்தத் தேதியில், எந்த நிலையில் பார்த்தார்கள்? வாரந்தோறும் அதன் நீள அகலத்தை அளந்து எழுதுகிறார்களா? திருப்பிப் படுக்கவைத்ததற்கான பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எல்லா நேரங்களுக்கும் ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் போட்டதுபோல் குறிகள் இருந்தால் அந்தப் பதிவேட்டை நம்பாதீர்கள். காற்று மெத்தை வாங்கித் தந்துவிட்டால் திருப்ப வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும், வளைய வடிவத் தலையணை மீது உட்காரவைப்பதும் தீங்கையே மிகுதிப்படுத்தும்.

கேள்வி: மறதிநோய் உள்ள அம்மா முன்பெல்லாம் சத்தம் போடுவார். இல்லத்தில் சேர்த்து ஒரு மாதத்தில் அமைதியாகிவிட்டார், பகலெல்லாம் உறங்குகிறார். நன்றாகப் பழகிவிட்டார் என்கிறார்கள். நாங்கள் மகிழலாமா?

அவசரப்பட்டு மகிழ வேண்டாம். முதலில் அவருக்கு இப்போது கொடுக்கப்படும் மருந்துகளின் முழுப் பட்டியலை, தொடங்கிய தேதியும் காரணமும் எழுதச் சொல்லி வாங்குங்கள். மனநோய்களுக்கான ஆன்டிசைக்காட்டிக் வகை மருந்துகளை மறதிநோய் உள்ள முதியவர்களுக்குக் கொடுக்கும்போது இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரிக்கை விடுத்தது. பிறருக்கோ தமக்கோ ஆபத்து நேரும் அளவுக்குக் கிளர்ச்சி இருந்து, வேறு வழிகள் பயன்படாதபோது மருத்துவர் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுப்பது வேறு. ஊழியர் வேலையை எளிதாக்கக் கொடுப்பது வேறு. எப்போது மறுபரிசீலனை செய்து குறைப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நடந்திருப்பது இரண்டாவதாக இருக்கலாம். ஆனால் நீங்களாக எந்த மருந்தையும் திடீரென நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் பேசியே மாற்ற வேண்டும்.

மருந்து எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை என்றால் இன்னும் கவனம் தேவை. சிறுநீர்த் தொற்றும் நுரையீரல் தொற்றும் நீரிழப்பும் முதியவரைக் காய்ச்சல்கூட இல்லாமல் சோர்ந்து உறங்கச் செய்துவிடும். சில நாட்களுக்குள் ஏற்பட்ட மாற்றம் என்றால் அதை மருத்துவ அவசரமாகவே கருதுங்கள்.

அம்மா முன்பு சத்தம் போட்டாரே, அது ஏன் என்று யாராவது தேடினார்களா என்பதையும் கேளுங்கள். வலி, மலச்சிக்கல், தாகம், நனைந்த உடை ஆகியவற்றைச் சொல்லத் தெரியாதவர் கத்தித்தான் சொல்வார். மூச்சு, முனகல், முகக்குறிப்பு, உடல் அசைவு, ஆறுதலுக்கு அடங்குதல் ஆகிய ஐந்தைக் கொண்டு, பேச இயலாதவரின் வலியை மதிப்பிடும் முறைகளே உள்ளன. நல்ல இல்லத்தில் முதலில் வலியைத் தேடுவார்கள். மருந்துச் சீட்டைப் பிறகுதான் எடுப்பார்கள்.

கேள்வி: விழாமல் இருக்க நாற்காலியில் கட்டிவைக்கிறார்கள். பாதுகாப்புக்குத்தானே?

இல்லை. கட்டிவைப்பதால் தசைகள் மெலிந்து, எழுந்து நிற்கும் ஆற்றல் குறைந்து, பிறகு விழும் அபாயம் கூடவே செய்கிறது. கட்டுகளிலும் படுக்கையின் பக்கக் கம்பிகளிலும் சிக்கி உயிரிழந்தவர்களும் உண்டு. ஒருவரும் விழுவதே இல்லை என்று பெருமையாகச் சொல்லும் இல்லத்தில், அது எப்படி முடிகிறது என்று கேளுங்கள். நடமாட விட்டால் சிலர் விழத்தான் செய்வார்கள். விழுந்த பிறகு மருந்துகளையும் இரத்த அழுத்தத்தையும் காலணியையும் விளக்கு வெளிச்சத்தையும் ஆராய்ந்தார்களா என்பதில்தான் தரம் வெளிப்படும்.

கேள்வி: மருத்துவம் படிக்காத நாங்கள் ஒரே ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டுமென்றால் எதைக் கவனிப்பது?

உடல் எடையை. ஒரு மாதத்தில் 5 விழுக்காடோ ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ காரணம் தெரியாமல் குறைந்தால் அது கவலைக்குரியது. 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இழந்திருந்தால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். மாதம் ஒருமுறையாவது எடை பார்த்து எழுதுகிறார்களா என்று உறுதிசெய்துகொண்டு, உணவு வேளையில் ஒருநாள் சென்று பாருங்கள். ஓர் உதவியாளர் எத்தனை பேருக்கு ஊட்டுகிறார், நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுகிறாரா, விழுங்கும் வரை பொறுக்கிறாரா என்பவற்றைக் கவனியுங்கள். படுத்தவாக்கில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சியில் முடியலாம்.

கேள்வி: முன்னறிவிப்பின்றிச் சென்றால் தவறாக நினைக்க மாட்டார்களா?

நினைத்தால் நினைக்கட்டும். ஊழியர் குறைவாக இருக்கும் மாலை நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் செல்லுங்கள். அங்கே இருப்போரின் ஓய்வுக்காகவும் தொற்றுத் தடுப்புக்காகவும் சில நேரங்களை ஒதுக்குவது நியாயம். குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தைத் தவிர ஒருபோதும் வரக்கூடாது என்பது நியாயமன்று.

கேள்வி: குறை சொன்னால் அப்பாவிடம் அதைக் காட்டிவிடுவார்களோ என்று அஞ்சி வாய்மூடி இருக்கிறோம். என்ன செய்வது?

இந்த அச்சத்தை எத்தனையோ குடும்பங்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன். இதை நான் சிறியதாக எண்ணவில்லை. பொதுவாகக் குறைகூறாமல், தேதியும் நேரமும் இட்டு ஒரு நிகழ்ச்சியை மட்டும் எழுதி, எந்த நாளுக்குள் என்ன மாற்றம் செய்வார்கள் என்று பொறுப்பாளரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். அந்த உதவியாளரைக் குற்றவாளியாக்காமல் ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் அவரும் உங்கள் பக்கம் நிற்பார். பிழையை ஒப்புக்கொண்டு, செய்த மாற்றத்தைக் காட்டும் இல்லத்தில் அப்பாவை நம்பி விடலாம்.

ஆனால் இரு மேற்கைகளிலும் விரல் பதிந்ததுபோன்ற கன்றிய தடங்கள், மீண்டும் மீண்டும் மாறும் விளக்கங்கள், ஒரு குறிப்பிட்ட ஊழியர் அறைக்குள் வந்ததும் அப்பா உடலைக் குறுக்கிக்கொள்வது ஆகியவற்றைக் கண்டால் கடிதமும் காத்திருப்பும் வேண்டாம். தடங்களைப் படம் எடுத்துக்கொண்டு, அன்றே வெளி மருத்துவர் ஒருவரிடம் காட்டி அவர் கண்டதை எழுதி வாங்கி, அதிகாரிகளிடம் முறையிடுங்கள். விசாரணை முடியும்வரை அப்பா இரவில் அங்கே தனியாக இருக்க வேண்டாம்.