‘காட்டன் ஃபீல்’ சட்டையில் காட்டன் எவ்வளவு?

கேள்வி: பாலியெஸ்டர் போட்டாலே எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கழுத்தில் அரிப்பும் வருகிறது. இனி இயற்கை இழைத் துணிதான் என்று முடிவு செய்தேன். ஆனால் ‘காட்டன் ஃபீல்’ என்று வாங்கிய சட்டை, ‘சில்க்கி சாட்டின்’ என்று வாங்கிய மேல்சட்டை இரண்டுமே லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பாலியெஸ்டர். ஆன்லைனில் எப்படித் தேடுவது? லேபிள் இல்லாத துணியை எப்படிக் கண்டுபிடிப்பது? மூங்கில் துணி இயற்கையானதுதானே?

பதில்: உங்களை ஏமாற்றியவை பெயர்கள். சாட்டின், ஷிஃபான், ஜார்ஜெட், கிரேப், வெல்வெட், ட்வில் எல்லாம் துணி எப்படி நெய்யப்பட்டது, எப்படி முறுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் பெயர்கள். எந்த நாரில் நெய்தார்கள் என்பதை அவை சொல்லாது. சாட்டினைப் பட்டிலும் நெய்யலாம், பருத்தியிலும் நெய்யலாம். மலிவாக விற்பது பெரும்பாலும் பாலியெஸ்டர். ‘ஃபீல்’, ‘லுக்’, ‘டச்’, ‘சில்க்கி’ என்ற ஒட்டுகள் வந்தாலே உஷாராகிவிடுங்கள். ‘காட்டன் ரிச்’ என்றால் கலப்பு என்பதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஆர்ட் சில்க்’கில் இருக்கும் ‘ஆர்ட்’டும் கலை இல்லை, செயற்கை என்பதன் சுருக்கம்.

அதனால் முன்பக்கத்து அட்டையை விட்டுவிட்டு, உள்ளே பக்கவாட்டுத் தையலில் தொங்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். பல நாடுகளில் இழைகளின் பெயரையும் எடைக் கணக்கில் சதவீதத்தையும் அதில் போடுவது சட்டப்படி கட்டாயம். கோட், பாவாடை போன்றவற்றில் வெளித்துணிக்கு ஒரு வரி, லைனிங்குக்கு ஒரு வரி என்று தனித்தனியாக இருக்கும். வெளியே 100% கம்பளி, உள்ளே 100% பாலியெஸ்டர் என்பது சர்வசாதாரணம். உடம்பில் உரசுவது எது? உள்ளே இருப்பதுதான்.

லேபிள் சொல்லாமல் விடுவதும் உண்டு. தையல் நூல், காலருக்குள் ஒட்டும் விறைப்புத் துணி ஆகியவை பொதுவாக அந்தக் கணக்கில் வராது. ‘100% காட்டன்’ சட்டையைக்கூடப் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலில்தான் தைக்கிறார்கள், அது லேசில் அறாது என்பதால். தைத்து முடித்த பிறகு சாயத்தில் முக்கி எடுத்த சட்டை கையில் கிடைத்தால் கவனியுங்கள்: துணி கருநீலமாக இருக்கும், தையல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். பருத்திக்குப் பிடிக்கும் சாயம் பாலியெஸ்டர் நூலுக்குப் பிடிக்காது. துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை ஏதோ அலங்காரத் தையல் என்று நினைத்திருக்கிறேன்! இதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். நூலினால் யாருக்கும் வியர்ப்பதில்லை.

வியர்வை விஷயம் வெறும் மனப்பிரமை இல்லை. 20 டிகிரி வெப்பம், 65% காற்று ஈரப்பதம் என்பது சோதனைக்கூட வழக்கம். அந்தச் சூழலில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 7 முதல் 8% வரை ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கும். பட்டு 11% அளவுக்கு, கம்பளி 16% அளவுக்கு. பாலியெஸ்டரோ வெறும் 0.4%. வியர்வை ஆவியை அது உள்வாங்காது; நெருக்கமாக நெய்த துணியானால் உடம்புக்கும் துணிக்கும் நடுவே ஈரம் தங்கிவிடும். வாடைக்கும் காரணம் உண்டு. உடற்பயிற்சிக்குப் பிறகு பருத்திச் சட்டைகளையும் பாலியெஸ்டர் சட்டைகளையும் ஒப்பிட்டுப் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது. நாற்றம் கிளப்பும் மைக்ரோகாக்கஸ் வகைப் பாக்டீரியா அதில் நன்றாக வளர்ந்திருந்தது.

அரிப்புக்கு மட்டும் இழையையே குற்றம் சொல்லிவிட முடியாது. பாலியெஸ்டருக்குப் போடும் சிதறல் சாயங்கள் இழையோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை. அவற்றில் சில, முக்கியமாக அடர்நீலம், கறுப்பு நிறங்களில் வருபவை, தோல் ஒவ்வாமை உண்டாக்குபவை. பருத்தியும் முழுக்கத் தப்பிக்கவில்லை: ‘சுருங்காது, இஸ்திரி வேண்டாம்’ என்று விற்கும் காட்டன் சட்டைகளில் பிசின் பூச்சு இருக்கும், அதிலிருந்து ஃபார்மால்டிஹைட் கொஞ்சம் கசியலாம். புதுத்துணியை ஒரு தடவை துவைத்துவிட்டுப் போடுங்கள். 100% பருத்திக்கு மாறியும் கழுத்து அரித்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, ஆன்லைன். தலைப்பில் ‘காட்டன்’ என்று தேடினால் கலப்பும் சேர்ந்தே வரும். ‘100% காட்டன்’, ‘100% லினன்’ என்று எண்ணோடு தேடுங்கள். அப்புறம் விவரப் பகுதியில் சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். எண் போடாமல் ‘பிரீமியம் துணி’ என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாங்க மாட்டேன். லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், நல்ல விற்பனையாளர் அனுப்புவார். இன்னொரு பொறி நிறம். ஒரே டி-ஷர்ட் வெள்ளையிலும் கறுப்பிலும் முழுப் பருத்தியாக இருக்கும். கலவைச் சாம்பல் நிறத்தில் மட்டும் பாலியெஸ்டரோ விஸ்கோஸோ (கூழைக் கரைத்து ஆலையில் நூலாக்கும் இழை) கலந்திருக்கும். அந்தப் புள்ளிப் புள்ளித் தோற்றமே பெரும்பாலும் அந்தக் கலப்பால் வருவதுதான். எந்த நிறம் வாங்குகிறீர்களோ அந்த நிறத்துக்கான விவரத்தைப் படியுங்கள்.

முத்திரைகளில் இரண்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது தீங்கான ரசாயனங்களுக்கான சோதனை. பாலியெஸ்டர் துணிக்கும் அது கிடைக்கும். அதிலுள்ள 100-ஐ ‘100% இயற்கை’ என்று படித்துவிடாதீர்கள். ஜி.ஓ.டி.எஸ். முத்திரை, குறைந்தது 70% இயற்கை விவசாய இழை இருந்தால்தான் கிடைக்கும். ‘ஆர்கானிக்’ என்று நேரடியாகப் போட 95% வேண்டும்.

மூங்கிலுக்கு வருவோம். மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பங்கு விஸ்கோஸ், அதாவது ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டை சல்ஃபைடிலும் கரைத்து, நுண்துளை வழியாகப் பீய்ச்சி நூலாக்குவது. மூலப்பொருள் மூங்கில், இழையோ ஆலையில் பிறந்தது. மோடல், லயோசெல் இரண்டும் இதே குடும்பம். லயோசெல்லில் கரைப்பான் வேறு, அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக் இல்லை என்பதால் இவை ஈரத்தை நன்றாகவே இழுக்கும். உங்கள் பிரச்சினை வியர்வை மட்டும்தான் என்றால் இவற்றை ஒதுக்கத் தேவையில்லை. ‘இயற்கை’ என்று சொல்லி அதிக விலைக்கு விற்றால் மட்டும் கொடுக்காதீர்கள்.

லேபிள் இல்லாத துணிக்கு எரிப்புச் சோதனை. தையல் மடிப்பின் உள்ளிருந்து பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒன்று, ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) ஒன்று உருவுங்கள். இரண்டும் வேறு வேறு இழையாக இருக்கலாம் என்பதால் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேலே, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். பருத்தியும் லினனும் பட்டென்று பற்றும். சுடரை எடுத்த பிறகும் நுனியில் செந்தணல் நகரும், காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். பட்டும் கம்பளியும் தயங்கித் தயங்கி எரிந்து, சுடரை விலக்கினால் அநேகமாகத் தானே அணையும். முடி கருகிய நாற்றம், மிச்சத்தை நசுக்கினால் பொடி. பாலியெஸ்டர் சுடருக்குப் பக்கத்தில் போகும்போதே சுருண்டு பின்வாங்கி உருகும், கரும்புகை விடும். ஆறியதும் நகத்தால் உடைக்க முடியாத கெட்டி மணி. உருகும்போது தொட்டுவிடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும். சாம்பலுக்குள் கெட்டித் துணுக்குகள் தட்டுப்பட்டால் அது கலப்பு.

இந்தச் சோதனை விஸ்கோஸிடம் தோற்றுப்போகும், அதுவும் பருத்தி மாதிரியே எரியும். அதற்கு எனக்குப் பிடித்த வழி வேறு: நூலின் நடுவை மட்டும் நாக்கில் தொட்டு நனைத்து, இரு முனையையும் பிடித்து இழுங்கள். நனைந்த இடத்தில் அறுந்தால் விஸ்கோஸ், காய்ந்த இடத்தில் அறுந்தால் பருத்தி. ஈரத்தில் விஸ்கோஸ் வலுவிழக்கும், பருத்தி வலுக்கூடும்.

பழைய சட்டையாக இருந்தால் நெருப்பே வேண்டாம், அக்குள் பகுதியைத் தடவிப் பாருங்கள். கலப்புத் துணியில் கட்டும் குட்டி உருண்டைகள் உதிராமல் தொங்கும், பாலியெஸ்டர் இழை அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். முழுப் பருத்தியில் அவை கட்டினாலும் பெரும்பாலும் துவைக்கத் துவைக்க உதிர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் 100% கேட்க வேண்டியதில்லை. உள்ளாடை, இரவு உடை, சட்டை, தலையணை உறை இவற்றில் பிடிவாதமாக இருங்கள். ஜீன்ஸில் 2% எலாஸ்டேன் (இழுபட்டுச் சுருங்கும் செயற்கை இழை) இருந்தால் வியர்வை கூடிவிடாது. துணி சீக்கிரம் தொய்ந்துபோகலாம், அவ்வளவுதான். சாக்ஸில் கொஞ்சம் நைலான் இல்லாவிட்டால் குதிகால் சீக்கிரம் தேய்ந்துவிடும். நான் வாங்குவதும் 80% பருத்தி சாக்ஸ்தான்.